கடவுளை விட்டாச்சு, மனசையும் விடணுமா? இயற்கைவாதமும் பௌதிகவாதமும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் வெட்டியிருக்கிறோம்.)

போன வாரம் நம்ம இன்பாக்ஸுக்கு ஒரு மெயில் வந்தது. பேரைச் சொல்ல வேண்டாம்னு எழுதினவர் கேட்டுக்கிட்டார். காலேஜ் படிக்கும்போதே அவருக்குக் கடவுள் நம்பிக்கை போயிடுச்சாம். அதுல வருத்தம் ஒண்ணும் இல்லைங்கிறார். ஆறு மாசத்துக்கு முன்னாடி அவரோட அம்மா தவறிட்டாங்க. காரியமெல்லாம் முடிஞ்சு ரூமுக்குத் திரும்பின அன்னைக்கு, கூடத் தங்கியிருக்கிற நண்பர் ஆறுதலா ஒண்ணு சொல்லியிருக்கார். "இது வெறும் கெமிக்கல் ரியாக்‌ஷன் மச்சான். மூளைக்குள்ள நடக்குது. கொஞ்ச நாள்ல சரியாயிடும்."

நண்பர் நல்ல எண்ணத்துலதான் சொல்லியிருக்கார். ஆனா நம்ம நேயருக்கு அது ஆறவே இல்லை. அவர் கேட்கிறது இதுதான்: "நான் அறிவியலை ஏத்துக்கறேன். ஆவி, மறுபிறவி எதையும் நம்பலை. அப்போ என் அம்மாவை நினைச்சு எனக்கு வர்ற துக்கம் வெறும் கெமிக்கல்னும் நான் ஒத்துக்கிட்டே ஆகணுமா? ஒண்ணை ஏத்துக்கிட்டா இன்னொண்ணு தானா வந்துடுமா?"

ரெண்டு நாள் நான் பதில் எழுதலை. ஏன்னா "வராது"ன்னு ஒரே வார்த்தையில சொல்லிடலாம், ஆனா அது ஏமாத்து வேலையாப் போயிடும். இந்தக் கேள்விக்குப் பின்னாடி 300, 400 வருஷ வரலாறு இருக்கு. அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

முதல்ல ரெண்டு சொல். ஒண்ணு இயற்கைவாதம், நேச்சுரலிசம். இயற்கைக்கு வெளியே, இயற்கைக்கு மேலே எதுவும் கிடையாது. உலகத்தைத் தெரிஞ்சுக்க அறிவியல் போற பாதையை விட்டா நமக்குத் தனியா ரகசிய வாசல் எதுவும் இல்லை. இதுதான் அதோட சாரம். இன்னொண்ணு பௌதிகவாதம், பிசிக்கலிசம். இருக்கிற எல்லாமே, மனசு உட்பட, கடைசியில் பௌதிகப் பொருள்தான் என்கிறது அது. நம்மூர்ல இடதுசாரிப் புத்தகங்கள் வழியா "பொருள்முதல்வாதம்"னு ஒரு சொல் ரொம்ப நாளா புழங்குது. பௌதிகவாதத்தை அதோட பேரன்னு வச்சுக்கலாம்.

ரெண்டும் ஒண்ணு போலத் தெரியும். ஆனா முதலாவது, உலகத்தை எப்படி விசாரிக்கிறதுங்கிறதைப் பத்தினது. ரெண்டாவது, விசாரிச்சு முடிச்ச பிறகு என்ன கிடைச்சதுங்கிறதைப் பத்தின ஒரு தீர்ப்பு. போலீஸ் விசாரணைதான் நடக்கணும், மந்திரவாதிகிட்ட குறி கேட்கக் கூடாதுன்னு ஒருத்தர் சொல்றது வேற. "இவன்தான் குற்றவாளி"ன்னு சொல்றது வேற இல்லையா? ரெண்டாவதைச் சொல்ல ஆதாரம் வேணும். அப்போ பௌதிகவாதத்துக்கு ஆதாரம் எங்கிருந்து வந்தது?

1643-ஆம் வருஷம், மே மாதம். நெதர்லாந்தின் ஹேக் நகரத்துல, நாட்டை இழந்த ஒரு அரச குடும்பம் தஞ்சம் புகுந்து வாழ்ந்துக்கிட்டிருக்கு. அந்த வீட்டுப் பெண், 24 வயது எலிசபெத், போஹீமிய இளவரசி. அவர் ரெனே டெகார்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். உடல் இடத்தை அடைக்கிற பொருள், மனம் இடமே இல்லாத சிந்திக்கிற பொருள், ரெண்டும் அடியோடு வேறன்னு டெகார்ட் புத்தகம் போட்டு ரெண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. எலிசபெத் கேட்டது எளிமையான கேள்வி: இடமே இல்லாத ஒண்ணு, உடம்பை எப்படி அசைக்கும்? ஒரு பொருளைத் தள்ளணும்னா தொடணும். மனசால எதைத் தொட முடியும்?

டெகார்ட் பதில் எழுதினார், திரும்பவும் எழுதினார், எலிசபெத் திருப்தி ஆகலை. பல வருஷம் அந்தக் கடிதப் போக்குவரத்து நீண்டது. என் கணக்குல மனத் தத்துவத்தின் மிகச் சிறந்த கேள்வி இந்தக் கடிதத்துல இருக்கிறதுதான். ஆனா இது ஒரு கேள்வி மட்டும்தான். மனம் உடலை அசைக்கறதில்லைன்னு யாரும் அன்னைக்கு நிரூபிக்கலை. அதுக்குப் பிறகு ரெண்டு நூற்றாண்டு ஐரோப்பிய மருத்துவர்கள் பலர், உயிருள்ள உடம்புக்குள்ள இயற்பியலுக்கு அப்பாற்பட்ட ஒரு "உயிர்விசை" வேலை செய்யுதுன்னு நம்பினாங்க. அவங்க சாமியாடிகள் இல்லை. சோதனைச்சாலையில உட்கார்ந்து தவளையை அறுத்துப் பார்த்தவங்க. அவங்களையும் அறிவியலாளர்கள்னுதான் சொல்லணும்.

இப்போ நேரா 1840-க்கு வர்றேன். ஜாவாத் தீவு, சுரபாயா துறைமுகம். டச்சுக் கப்பல் ஒண்ணு வந்து நிக்குது. கப்பல் மருத்துவர் ஜூலியஸ் ராபர்ட் மேயர், வயசு 25. மாலுமிகளுக்கு உடம்பு சரியில்லை. அந்தக் கால வழக்கப்படி நரம்பைக் கீறி ரத்தம் எடுக்கிறார். வந்த ரத்தத்தைப் பார்த்து அதிர்ந்துபோறார். கருஞ்சிவப்பா இருக்க வேண்டிய சிரை ரத்தம் பளீர்னு செக்கச்செவேல்னு வருது. தவறுதலா தமனியை வெட்டிட்டோமோன்னு பயம். இந்த வெப்பப் பிரதேசத்துல எல்லாருக்கும் இப்படித்தான்னு உள்ளூர் மருத்துவர்கள் சொல்றாங்க.

வேற யாரா இருந்தாலும் "சரி"ன்னு விட்டிருப்பாங்க. மேயர் யோசிச்சார். வெளியே சூடு அதிகம், அதனால உடம்பு சூட்டைத் தக்கவைக்கக் குறைவா எரிச்சாப் போதும், அதனால ரத்தத்துல ஆக்சிஜன் மிச்சம் இருக்கு. அப்படின்னா சாப்பாடு, உடற்சூடு, உழைப்பு மூணும் ஒரே கணக்குப் புத்தகத்துல வரவு செலவா இருக்கு. ஊர் திரும்பி 1842-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆற்றல் உருமாறுது, அழியறதில்லை.

அதே 1842-ல் பெர்லினில் எமில் து புவா ரேமோன் என்ற இளைஞர் நண்பருக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். தானும் எர்ன்ஸ்ட் ப்ரூக்கேயும் சபதம் எடுத்திருக்கிறதா அதுல சொல்றார்: உயிரினங்களின் உடம்புக்குள்ள இயற்பியல், வேதியியல் விசைகளைத் தவிர வேற விசை எதுவும் வேலை செய்யறதில்லைன்னு காட்டியே தீருவோம். தமாஷ் என்னன்னா, அவங்களோட பேராசிரியர் யோஹன்னஸ் முல்லர் உயிர்விசையை நம்பினவர். வாத்தியாருக்கு எதிரா பசங்க எடுத்த சபதம் அது.

அந்தக் கூட்டத்துல மூணாவது ஆள் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ். பாட்ஸ்டாம் ராணுவ முகாமில் மருத்துவர். 1847 ஜூலை மாதம், 25 வயசுல, பெர்லின் இயற்பியல் சங்கத்தில் ஆற்றல் அழிவின்மை பத்தி உரை நிகழ்த்துகிறார். அன்றைய முன்னணி இதழ் அதை வெளியிட மறுத்துடுச்சு. தனிச் சிறுநூலாகத்தான் அச்சானது. மூணு வருஷத்துக்குள்ள அவர் இன்னொரு காரியமும் செஞ்சார். நரம்புல செய்தி போற வேகத்தை யாராலயும் அளக்கவே முடியாதுன்னு முல்லர் நினைச்சிருந்தார். ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒரு தவளைக் காலையும் மின்கடிகார அமைப்பையும் வச்சு அளந்தே காட்டினார். விநாடிக்குச் சுமார் 27 மீட்டர். நெடுஞ்சாலையில போற கார் வேகம், அவ்வளவுதான்! ஏதோ மின்னல் வேகத்துல, இடமே இல்லாத ஆன்மாவின் கட்டளை பாயுதுன்னு நினைச்சிருந்த விஷயத்துக்கு ஸ்பீடோமீட்டர் மாட்டிட்டார்.

இங்க நிறுத்தி ஒரு விஷயத்தைச் சொல்லணும். ஆற்றல் அழியாதுங்கிறதால மட்டுமே மனம்னு தனி விசை இல்லைன்னு ஆகிடாது. மின்சக்தி, வெப்பசக்தி மாதிரி "மனோசக்தி"யும் ஒரு வகையா இருந்து, கணக்குல சரியா வரவு செலவு வைக்கலாமே? தர்க்கப்படி தடை எதுவும் இல்லை. அதனாலதான் அடுத்த 50 வருஷம் முக்கியம். மாக்ஸ் ரூப்னர் 1890-களில் ஒரு நாயைக் கலோரிமீட்டர் பெட்டிக்குள்ள வச்சு, அது சாப்பிட்ட உணவோட ஆற்றலையும் உடம்பு வெளியிட்ட வெப்பத்தையும் நாள்கணக்கா ஒப்பிட்டார். வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் கீழே. கொஞ்ச நாள்ல அமெரிக்காவுல வில்பர் ஆட்வாட்டர் மனுஷங்களையே அறைக்குள்ள உட்கார வச்சு இதே கணக்கைப் போட்டார். அங்கயும் துண்டு விழலை. கடைசியா 1952-ல் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாய் மீனோட தடித்த நரம்பிழையில, நரம்புத் துடிப்பு சோடியம், பொட்டாசியம் அயனிகளின் ஓட்டம்தான்னு சமன்பாடாவே எழுதிக் காட்டினாங்க. தேடத் தேட எந்த மூலையிலயும் தனி விசை கிடைக்கலை.

டேவிட் பாப்பினோ என்ற பிரிட்டிஷ் தத்துவவாதி இதைத்தான் அழுத்திச் சொல்றார். பௌதிகவாதம் இருபதாம் நூற்றாண்டு நடுவுல திடீர்னு பரவினது ஃபேஷனால இல்லை. பௌதிக நிகழ்வு ஒவ்வொண்ணுக்கும் பௌதிகக் காரணமே போதும்ங்கிறது அப்போதான் ஆதாரத்தோட உறுதிப்பட்டது. இதை வச்சு எலிசபெத்தோட கேள்வியைத் திரும்பக் கேட்டுப் பாருங்க. கை உயருது. கை உயர நரம்பும் தசையும் போதுமான காரணம்னா, "தூக்கணும்னு நினைச்சேன்"ங்கிறதுக்கு அங்க என்ன வேலை? ஒண்ணு, அந்த நினைப்பே மூளை நிகழ்வுதான்னு சொல்லணும். இல்லைன்னா அந்த நினைப்பு கையைத் தூக்கவே இல்லை, சும்மா பக்கத்துல நின்னு வேடிக்கை பார்த்ததுன்னு சொல்லணும். ரெண்டாவதைச் சொல்ல யாருக்கும் மனசு வராது. அதனால முதலாவது. பௌதிகவாதத்தின் பலமே இந்த வாதம்தான். இதைச் சொல்லாம நம்ம நேயருக்கு ஆறுதல் மட்டும் சொன்னா அது நேர்மை இல்லை.

ஆனா பாருங்க, சபதம் எடுத்தாரே து புவா ரேமோன், அவர் 1872-ல் லைப்சிக் நகரத்துல ஒரு பெரிய மாநாட்டுல பேசினார். அறிவியலுக்கு எல்லை இருக்கா? இருக்குன்னார். மூளையின் ஒவ்வொரு அணுவும் எங்க இருக்கு, எப்படி அசையுதுன்னு முழுசாத் தெரிஞ்சாலும், அந்த அசைவோட ஏன் ஒரு வலியோ, ரோஜா வாசனையோ சேர்ந்து வருதுன்னு நமக்குத் தெரியப் போறதில்லை. அறியோம், அறியவும் மாட்டோம்னு லத்தீனில் முடித்தார். கைதட்டலை விட எதிர்ப்புதான் அதிகம் வந்தது. யோசிச்சுப் பாருங்க, இவர் ஆன்மாவைத் தேடிப் போனவர் கிடையாது. உயிர்விசையை ஒழிச்சுக் கட்டின கோஷ்டியோட தலைவர். இயற்கைவாதி என்பதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் கணக்குல ஒரு இடம் காலியா இருக்குன்னு கையைத் தூக்கிச் சொன்னார். இந்த மனுஷன் மேல எனக்கு ஒரு தனி மரியாதை.

காலி இடத்தை நிரப்ப 1920-களில் பிரிட்டன்ல ஒரு முயற்சி நடந்தது. சி. டி. பிராட் 1925-ல் எழுதின புத்தகத்துல ஒரு தேவதூதரைக் கற்பனை பண்றார். கணிதத்துல கில்லாடி. அம்மோனியா மூலக்கூறோட அமைப்பு அவருக்கு அத்துப்படி. ஆனாலும் அம்மோனியாவை மோந்து பார்த்தா என்ன வாசனை வரும்னு அவரால முன்கூட்டியே சொல்ல முடியாது. அதனால இயற்கையில படிப்படியா புதுப் பண்புகள் "வெளிப்படுது", கீழ்ப்படியை வச்சு மேல்படியைக் கணக்குப் போட முடியாதுன்னார். வாசனையோட நிறுத்தியிருந்தா பரவாயில்லை. வேதிச் சேர்க்கையையும் அந்தப் பட்டியல்ல சேர்த்துட்டார். ரெண்டே வருஷத்துல, 1927-ல், ஹைட்லரும் லண்டனும் குவாண்டம் இயக்கவியலை வச்சு ஹைட்ரஜன் மூலக்கூறின் பிணைப்பை விளக்கிட்டாங்க. (இந்த ஹைட்லர் வேற, இயற்பியலாளர் வால்டர் ஹைட்லர். எடிட்டிங்ல யாராவது திருத்திடாதீங்க!) வேதியியல் கையை விட்டுப் போச்சு. அம்மோனியா வாசனை மட்டும் இன்னும் போகலை.

"பிசிக்கலிசம்"ங்கிற சொல் எப்போ வந்ததுன்னா, வியன்னாவுல, 1930-களின் தொடக்கத்துல. ஆட்டோ நொய்ராத், ருடால்ஃப் கார்னப் ரெண்டு பேரும் அதைப் பரப்பினாங்க. நொய்ராத் ஆள் பெரிய உருவம், கடிதத்துல கையெழுத்துக்குப் பதிலா யானை வரைவார். அவருக்குப் பிசிக்கலிசம்னா உலகம் எதால ஆனதுங்கிற கொள்கையே இல்லை. அது மொழியைப் பத்தினது. வானிலை, பொருளாதாரம், மனம் எதைப் பேசினாலும், இடம், காலம் குறிச்சு நாலு பேர் சரிபார்க்கிற மொழியில பேசணும். அவ்வளவுதான். சாஸ்திரக் குழுக்களும் நாஜிகளும் "இனத்தின் ஆன்மா", "தேசத்தின் ஆவி"ன்னு முழங்கிக்கிட்டிருந்த காலத்துல, சரிபார்க்க முடியாத சொல்லை உள்ளே விடாதேன்னு சொல்றது தைரியமான அரசியல் வேலை. 1936-ல் அந்த வியன்னா வட்டத்தின் தலைவர் மோரிட்ஸ் ஷ்லிக்கைப் பல்கலைக்கழகப் படிக்கட்டுலயே ஒரு முன்னாள் மாணவர் சுட்டுக் கொன்னார். 1940 மே மாதம் ஜெர்மன் படை ஹாலந்துக்குள் நுழைஞ்சப்போ, நொய்ராத் ஒரு உயிர்காப்புப் படகுல ஏறி இங்கிலாந்துக்குத் தப்பினார்.

இப்போ அமெரிக்கா. நம்ம நேயரோட கேள்வி கிட்டத்தட்ட அச்சு அசலா நேருக்கு நேர் மோதினது 1945-ல். அதுக்கு முந்தைய வருஷம் அமெரிக்க இயற்கைவாதிகள் பலர் சேர்ந்து ஒரு தொகுப்பு நூல் கொண்டுவந்தாங்க. யேல் பேராசிரியர் வில்மன் ஷெல்டன் அதைப் பிடிபிடின்னு பிடிச்சார். "இயற்கைவாதம்னு நாகரிகமா பேர் வச்சுக்கிட்டிருக்கீங்க, பிரிச்சுப் பார்த்தா அது பழைய பொருள்முதல்வாதம்தானே?"ங்கிறது அவரோட குற்றச்சாட்டு. பதில் எழுதினவங்க மூணு பேர்: 85 வயது ஜான் டியூயி, சிட்னி ஹூக், எர்னஸ்ட் நாகல். தலைப்பே ஒரு கேள்வி: இயற்கைவாதிகள் பொருள்முதல்வாதிகளா?

அவங்க சொன்னதை என் வார்த்தையில சொல்றேன். மனம் உடம்பைச் சார்ந்து நிக்குது, உடம்பு இல்லாம அலையற மனம் இல்லை. இதைச் சொல்றது பொருள்முதல்வாதம்னா சரி, நாங்க அப்படியே இருந்துட்டுப் போறோம். ஆனா வலின்னா அணுக்களின் அசைவுதான், வேற எதுவும் இல்லைங்கிறது பொருள்முதல்வாதம்னா, நாங்க அந்த ஆள் இல்லை. எங்களை இயற்கைவாதி ஆக்கறது விசாரணை முறை. கண்டுபிடிச்ச பட்டியல்ல என்னென்ன இருக்குங்கிறது இல்லை.

கொஞ்சம் சந்தேகத்தோடயும் இதைப் படிக்கலாம். ஹூக் ஒரு காலத்துல மார்க்ஸியர், பிறகு கம்யூனிசத்தின் கடும் எதிரி. "பொருள்முதல்வாதி"ங்கிற பட்டத்தை அந்தக் கால அமெரிக்காவுல யாரும் ஆசைப்பட்டு வாங்கிக்க மாட்டாங்க. அது இருந்தாலும் அந்த வாதம் இன்னைக்கும் நிக்குது. கொஞ்ச காலம் கழிச்சு வந்த குவைனையே எடுத்துக்குங்க. தத்துவமும் அறிவியலும் ஒரே தொழில்னு 1969-ல் எழுதின முரட்டு இயற்கைவாதி. ஆனா கணிதம் பேசற கணங்கள் உண்மையிலேயே இருக்குன்னு ஒத்துக்கிட்டார். ஏன்னா அறிவியலே கணிதம் இல்லாம நடக்காது. 7-ங்கிற எண் எந்த ஊர்ல இருக்கு, எத்தனை கிலோ எடைன்னு யாராவது கேட்டா என்ன சொல்றது? அறிவியல் வழியிலேயே போய், பௌதிகம் இல்லாத ஒண்ணுல போய் நின்னுட்டார்.

தலைகீழாவும் உண்டு. தாமஸ் ஹாப்ஸ், பதினேழாம் நூற்றாண்டு. இருக்கிறதெல்லாம் உடல்தான்னார். அதனால கடவுளுக்கும் உடல் உண்டுன்னார். பௌதிகவாதம் இருக்கு, கடவுளும் இருக்கார்! ரெண்டும் ஒட்டிப் பிறந்த இரட்டையர் இல்லைங்கிறதுக்கு இதை விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கலை.

சரி, ஒட்டவச்சது யார்? அதுக்கு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத்துக்குப் போகணும். 1950-களின் தொடக்கத்துல அங்க பல்கலைக்கழகத்துல தத்துவப் பேராசிரியர் ஜே. ஜே. சி. ஸ்மார்ட். அதே இடத்துல உளவியல் கற்பிக்க வந்த பிரிட்டிஷ்காரர் யு. டி. பிளேஸ். ரெண்டு பேருக்கும் ஓயாத விவாதம். 1956-ல் பிளேஸ் ஒரு கட்டுரை வெளியிட்டார், 1959-ல் ஸ்மார்ட் ஒண்ணு. மின்னலைப் பார்க்கிறோம். மின்னல்ங்கிறது மின்னிறக்கம். மின்னல்னு ஒண்ணு, கூடவே மின்னிறக்கம்னு இன்னொண்ணு, அப்படி ரெண்டு இல்லை. ஆனா "மின்னல்"ங்கிற சொல்லுக்கு அகராதியில "மின்னிறக்கம்"னு அர்த்தம் இல்லை. அதைக் கண்டுபிடிக்க அறிவியல் தேவைப்பட்டது. அதே மாதிரி உணர்வுங்கிறது மூளை நிகழ்வுன்னா, அது சொற்பொருள் இல்லை, கண்டுபிடிப்பு.

கவனிச்சீங்களா? பௌதிகவாதத்தை நவீன வடிவத்துல நிறுத்தினவங்களே அதை ஒரு அறிவியல் கருதுகோளாத்தான் வச்சாங்க. சரியா இருக்கலாம், தப்பாவும் போகலாம். இயற்கைவாதி அதை ஏத்துக்கிறது ஆதாரத்தைப் பார்த்துத்தான். ஆதாரம் மாறினா கைவிடறதும் அவர் கடமை.

பிளேஸ் 2000-ஆம் ஆண்டு ஜனவரியில் இறந்தார். தன் மூளையை அடிலெய்டு பல்கலைக்கழகத்துக்கு எழுதி வச்சிருந்தார். அதைக் காட்சிக்கு வைக்கணும், பக்கத்துல ஒரு வாசகம் இருக்கணும்: இந்த மூளைக்குள்தான் யு. டி. பிளேஸின் பிரக்ஞை இருந்ததா? வாழ்நாள் முழுக்க "ஆமாம்"னு வாதாடினவர், கடைசியில கேள்விக்குறி போட்டு வச்சுட்டுப் போயிருக்கார்.

கார்ல் ஹெம்பல் எழுப்பின ஒரு சிக்கலையும் வேகமாச் சொல்லிடறேன். "எல்லாம் பௌதிகம்"னா எந்த இயற்பியல் சொல்ற பௌதிகம்? இன்னைக்கு இருக்கிற இயற்பியல்னா, அது முழுமையில்லைன்னு இயற்பியலாளர்களே சொல்றாங்க. என்னைக்கோ முழுமையடையப் போற இயற்பியல்னா, அதுக்குள்ள என்னென்ன இருக்கும்னு யாருக்குத் தெரியும்? மனசே அடிப்படைப் பொருளா அந்தப் பட்டியல்ல இருந்துட்டா?

இது நம்ம ஆட்களுக்குப் புதுசு இல்லை. மணிமேகலையோட 27-ஆவது காதையில, வஞ்சி நகரத்துல ஒவ்வொரு சமயத்தாரும் தங்கள் கொள்கையைச் சொல்றாங்க. அதுல பூதவாதி ஒருத்தர். ஆத்திப்பூவையும் வெல்லக்கட்டியையும் மத்த பொருள்களையும் சேர்த்து ஊறவச்சா கள்ளுல போதை பிறக்கிற மாதிரி, பூதங்கள் சேர்ந்தா உணர்வு பிறக்குதுங்கிறார். சுத்தமான பௌதிகவாதம் போலத் தோணும். ஆனா அடுத்தது என்ன சொல்றார் தெரியுமா? பூதம் ரெண்டு வகை. உயிரும் உணர்வும் உள்ள பூதம் ஒண்ணு, அது இல்லாத பூதம் ஒண்ணு. உயிர் அதுலேர்ந்து வருது, உடம்பு இதுலேர்ந்து வருது. மத்தபடி உலோகாயதர் சொல்றதேதான்னு சேர்த்துக்கறார். கடவுள் இல்லை, மறுமை இல்லை, முழு இயற்கைவாதி. ஆனா மனசைச் சடப்பொருள்லேர்ந்து வரவழைக்க முடியும்னு அவருக்கே முழு நம்பிக்கை இல்லை போல. பட்டியல்ல ஒரு வரியைக் கூட்டிக்கிட்டார். (மணிமேகலை அவரைப் பார்த்துச் சிரிச்சுட்டு, காட்சி ஒண்ணுதான் பிரமாணம்னா உன் அப்பா அம்மா யாருன்னு எப்படித் தெரியும்னு கேட்கிற இடம் தனி எபிசோடுக்கு வேணும்.)

அதே வேலையை 1996-ல் டேவிட் சால்மர்ஸ் செஞ்சார். இவர் பட்டப்படிப்பு படிச்சது எங்கன்னு பார்த்தா, அதே அடிலெய்டு பல்கலைக்கழகம், கணிதம்! பிரக்ஞையை மத்த பௌதிகப் பண்புகளிலேர்ந்து வருவிக்க முடியலை. அதனால அதையும் அடிப்படைன்னு ஏத்துக்கிட்டு, அதுக்கான விதிகளைத் தேடுவோம்னார். பத்தொன்பதாம் நூற்றாண்டுல மின்காந்தத்தைப் பழைய இயந்திரவியல்ல அடக்க முடியாம, மின்னூட்டத்தையே அடிப்படைப் பட்டியல்ல சேர்த்தாங்களே, அந்த மாதிரி. தன் நிலைப்பாட்டுக்கு அவர் வச்ச பேர் "இயற்கைவாத இருமைவாதம்". ஆவி இல்லை, அற்புதம் இல்லை, பௌதிகவாதமும் இல்லை. ஆனா எலிசபெத்தோட கேள்வி இவரையும் விடலை. கை உயர நரம்பே போதும்னா அந்த அடிப்படைப் பிரக்ஞை என்ன பண்ணுது? சால்மர்ஸ் இதுக்குக் கொடுக்கிற பதில்கள் எதுவும் எனக்கு இன்னும் ஒட்டலை.

1998-ல் சால்மர்ஸும் நரம்பியலாளர் கிறிஸ்டாஃப் காக்கும் பந்தயம் கட்டினாங்க. பிரக்ஞைக்குப் பொறுப்பான மூளை இயக்கம் 25 வருஷத்துல தெளிவாகிடும்னு காக். ஆகாதுன்னு சால்மர்ஸ். 2023 ஜூன்ல நியூயார்க் மாநாட்டு மேடையில காக் தோல்வியை ஒத்துக்கிட்டு ஒயின் கொடுத்தார். அதனால பௌதிகவாதம் தோத்துடுச்சுன்னு வாட்ஸ்அப்ல ஃபார்வேர்டு பண்ணிடாதீங்க. இன்னும் கண்டுபிடிக்கலைங்கிறதுதான் அதுக்கு அர்த்தம். 2020-ல் உலகம் முழுக்கத் தத்துவவாதிகள்கிட்ட எடுத்த ஒரு பெரிய கணக்கெடுப்புல, மனசு விஷயத்துல பௌதிகவாதத்தின் பக்கம் நின்னவங்க சுமார் 52 சதவீதம். எதிர்ப்பக்கம் சுமார் 32. அந்த 32-ல எல்லாரையும் மதவாதின்னு சொல்லிட முடியாது.

நான் எந்தப் பக்கம்னு கேட்டா, அந்த நாய்ப் பெட்டிக் கணக்கும் கணவாய் நரம்பும் என்னைப் பௌதிகவாதத்தின் பக்கம்தான் தள்ளுது. அம்மோனியா வாசனை நடுராத்திரியில எழுப்பி விடுது.

மெயில் எழுதின நண்பருக்கு: உங்க ரூம்மேட் சொன்ன வாக்கியத்துல மூளைங்கிற சொல்லுக்கு ஆதாரம் இருக்கு. கெமிக்கல்ங்கிறதுக்கும் இருக்கு. "வெறும்"ங்கிறதுக்கு நான் இன்னைக்குச் சொன்ன 380 வருஷத்துல எந்தச் சோதனைச்சாலையிலயும் ஆதாரம் கிடைக்கலை. மின்னல் மின்னிறக்கம்தான்னு தெரிஞ்ச பிறகும் தென்னை மரம் எரியத்தானே செய்யுது. அம்மா இறந்து ஆறு மாசம்தான் ஆகுது. லெவல் ஆகணும்னு அவசரம் எதுவும் இல்லை. பேசணும்னு தோணினா திரும்ப எழுதுங்க, இந்தத் தடவை ரெண்டு நாள் காக்க வைக்க மாட்டேன்.

அடுத்த எபிசோடுல எலிசபெத்தோட கடிதங்களை மட்டும் எடுத்துப் பேசலாம்னு இருக்கேன்.